எட்டு நாட்கள்!

1898-ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள். இராஜபாளையத்திலே ஓர் ஆண் மகவு பிறந்தது. உற்றார் மகிழ்ந்தனர், ஊரார் வாழ்த்தினர். எட்டே நாட்கள் சென்றன. பெற்ற தாய் மாண்டார். மூன்று வயதிலே தந்தையையும் இழந்து, பாட்டியின் மடியிலே வளர்ந்தது அந்தப் பிள்ளை. வளர்ந்து, 1949-லே சென்னை மாகாணத்தின் முதல்வராக அமர்ந்தது. 1952 வரையிலே ஆட்சி நடத்தியது. பிறகு ஒரிசாவுக்கு ஆளுநராகவும் சென்றது. பூ. ச. குமாரசாமி ராஜா என்று அந்தப் பிள்ளையை நாடு அறியும்.

அவர் காங்கிரஸ்காரர். நம் பாசறையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் என்ன? பிள்ளை பெற்றுப் பாயிலே கிடந்து மாண்ட தாய்க்குக் கட்சி ஏது, கொடி ஏது? பிள்ளை கோட்டைக்குச் சென்ற கதையை ஏடுகள் பக்கம் பக்கமாக எழுதின. எட்டாம் நாள் கண்மூடிய அன்னைக்கு ஒரு வரி, அவ்வளவுதான். அந்த ஒரு வரியைத்தான் நாம் இன்று எடுத்துக்கொள்கிறோம். ஏனெனில், அந்த ஒரு வரிக்குள்ளே அன்றைய தமிழகத்தின் பல்லாயிரம் வீடுகள் இருக்கின்றன. முற்றத்தின் மூலையிலே ஓர் இருட்டறை, கிழிந்த பாய், பழஞ்சேலை, மங்கிய விளக்கு, ஒரு மருத்துவச்சி. உள்ளே தாயின் கதறல். வெளியே கணவனின் தவிப்பு. பிள்ளைப் பேற்றைப் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் முன்னோர் சொன்னது அணியழகுக்காக அல்ல; ஒவ்வொரு தெருவிலும் அந்த மறுபிறவி கிட்டாமற்போன பெண்கள் இருந்ததைக் கண்டு சொன்னது!

“பழங்கதை ஏன் இப்போது?” என்று கேட்பீர்கள். பழங்கதையாகவே இருந்திருக்குமானால் நாமும் எழுதமாட்டோம். அதைப் புதுக்கதை ஆக்கப் புறப்பட்டிருக்கிறார்களே சிலர், அதனாலே எழுதுகிறோம்.

“வீட்டிலேயே பெறுங்கள்! அதுதான் இயற்கை! ஊசி வேண்டாம், மருந்து வேண்டாம், மருத்துவர் வேண்டாம். கைப்பேசியிலே காணொலி இருக்கிறது, பார்த்துக்கொண்டே பெறலாம்!” என்று ஒரு கூட்டம் பேசுகிறது. பேச்சைக் கேட்டவர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள்.

2018 ஜூலை. திருப்பூர். ஓர் ஆசிரியை. படித்தவர், பிறருக்குப் படிப்புச் சொன்னவர். காணொலியை நம்பி வீட்டிலேயே பெற்றார். குழந்தை பிறந்தது; குருதி நிற்கவில்லை; தாய் மாண்டார். மறு திங்களே கோவையிலே, வீட்டுப் பேற்றுக்குப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்தவர் கைது செய்யப்பட்டார். பாடம் கற்றார்களா? இல்லை! 2023 ஆகஸ்டிலே கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளிக்கு அருகே இன்னொரு பெண் அதே வழியிலே மாண்டார். 2024-லே சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பக்கத்திலே, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கூடியிருந்த வாட்ஸ்அப் குழுவின் துணையோடு கணவனே பிள்ளைப்பேறு பார்த்தார். காவல் துறை விசாரித்தது. 2025 ஏப்ரலிலே கேரளத்து மலப்புரத்தில் ஒரு தாய், ஐந்தாவது குழந்தையை வீட்டிலே பெற்று, உயிரை விட்டார்.

காணொலி பேசும், ஆடும், பாடும். ஆனால் கருப்பை சுருங்காமல் குருதி கொட்டும்போது, காணொலி கையை நீட்டி ஓர் ஊசி போடுமா? பேற்றுக்குப் பின் பெருகும் உதிரம், தடுப்பார் இல்லையேல், இரண்டே மணி நேரத்திலே ஒரு பெண்ணை முடித்துவிடக் கூடியது. பிள்ளை வெளிவந்தவுடன் போடப்படும் ஆக்சிடோசின் ஊசி சின்னஞ்சிறிய குப்பியிலே இருக்கிறது. அந்தக் குப்பி வீட்டு அடுக்களையிலே இல்லை. அரசு மருத்துவமனையிலே இருக்கிறது, காசில்லாமல்!

உடனே ஒரு கேள்வி வரும். எப்போதும் வரும். “ஏனய்யா, எங்கள் பாட்டி பத்துப் பெற்றாளே! எந்த மருத்துவமனைக்குப் போனாள்?”

பெற்றாள், ஐயா, பெற்றாள்! பத்துப் பெற்றாள். எத்தனையை வளர்த்தாள்? அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொட்டிலிலே போனது ஒன்று, தொப்புள்கொடி விழுமுன் போனது ஒன்று, பெயர் வைக்குமுன் போனது ஒன்று என்று கணக்குச் சொல்வாளே பாட்டி, திண்ணையிலே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு! அந்தக் கணக்கை விட்டுவிட்டுப் பத்து என்ற எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி? பத்துப் பெற்ற பாட்டி பிழைத்தாள். அதனாலே அவள் கதை நமக்குக் கிடைத்தது. முதற்பேற்றிலேயே போன பக்கத்து வீட்டுப் பெண்ணின் கதையைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

திண்டிவனத்திலே 1890-களிலே நடந்ததைச் சொல்வார்கள். அமெரிக்கப் பாதிரியாரான மருத்துவர் ஒருவரின் வீட்டுக் கதவை ஒரே இரவிலே மூன்று ஆடவர்கள் தட்டினார்கள். மூவர் மனைவியரும் பேற்று வேதனையிலே. மூவருக்கும் வேண்டியது பெண் மருத்துவர். அந்த வீட்டிலே இருந்த மருத்துவர் ஆண். “ஆண் வந்து பார்ப்பதா? சாத்திரம் என்னாவது, வழக்கம் என்னாவது?” என்று திரும்பினார்கள். பொழுது விடிந்தது, மூன்று பெண்களும் பிணமானார்கள். அந்த வீட்டு மகள் ஐடா ஸ்கடர் அந்த இரவை மறக்கவில்லை. கடல் கடந்து சென்று மருத்துவம் கற்று, திரும்பிவந்து, வேலூரிலே மருத்துவமனை கண்டார். சாத்திரம் மூவரைச் சாகவிட்டது. படிப்பு இலட்சக்கணக்கானோரைப் பிழைக்க வைத்தது. எது பெரிது?

எண்ணிக்கையும் சொல்கிறோம், கேளுங்கள். 1971-லே இந்தியாவிலே பிறந்த ஆயிரம் குழந்தைகளிலே 129 முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-லே அந்த எண் 28. தமிழ்நாட்டிலே 13. இந்த வீழ்ச்சி வானத்திலிருந்து வந்ததா? வரம் கேட்டு வந்ததா? 1990-களின் தொடக்கத்திலே தமிழகத்துப் பேறுகளிலே மூன்றில் இரண்டு பங்கு அளவே மருத்துவ நிலையங்களிலே நடந்தன. 2019-21-லே எடுத்த தேசியக் குடும்பநல ஆய்விலே அது நூற்றுக்கு 99.6. கிராமத்துக்குக் கிராமம் நடையாய் நடந்த சுகாதாரச் செவிலியர், இரவும் பகலும் திறந்திருந்த ஆரம்பச் சுகாதார நிலையம், 2008 செப்டம்பர் முதல் ஓடும் 108 ஊர்தி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயராலே ஏழைத் தாய்க்குத் தரும் மகப்பேற்று உதவித்தொகை. 2006-லே 6,000 ரூபாயாகவும் 2011-லே 12,000 ரூபாயாகவும் பின்னர் 18,000 ரூபாயாகவும் உயர்ந்த அந்தத் தொகை. இவையெல்லாம் சேர்ந்து இழுத்த தேர் அது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரை ஒற்றைக் கை இழுத்துவிட முடியுமா? ஊர் கூடி இழுத்தது; நகர்ந்தது. நகர்ந்த தேரைப் பின்னோக்கித் தள்ளப் பார்க்கிறார்களே, அதைத்தான் கூடாதென்கிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் நந்தவனம் நினைவுக்கு வரும். துளசிச் செடியடியிலே பெரியாழ்வார் ஒரு பெண் மகவைக் கண்டெடுத்தார், அவளே ஆண்டாள் என்பது தல புராணம். புராணத்துப் பிள்ளைக்குப் பேற்று வேதனை இல்லை, கொடி அறுக்கவேண்டியதில்லை, மூச்சுத் திணறலில்லை, மஞ்சள் நோவில்லை. நம் வீட்டுப் பிள்ளையோ துளசியடியிலே கிடைப்பதில்லை. தாயின் குருதியிலே பிறக்கிறது. முதல் மூச்சுக்குப் போராடுகிறது. பத்துக் குழந்தைகளிலே ஒன்பது தாமாகவே மூச்சுவிடும். ஒன்றுக்கு ஓரளவேனும் கைத்துணை தேவைப்படும். அந்தத் துணையைத் தொடங்க இருப்பது ஒரே ஒரு நிமிடம்! ஊர்தியை அழைத்து, அது வந்து, ஏற்றி, இறக்கி! நிமிடம் காத்திருக்குமா?

குழந்தைக்கும் இந்த முதல் எட்டு நாட்கள்தாம் கண்டம். சோதிடர் சொல்லும் கண்டமல்ல. மருத்துவம் எண்ணிச் சொல்லும் கண்டம். முதல் திங்களிலே இறக்கும் பச்சிளங்குழந்தைகளிலே ஏறத்தாழ நான்கில் மூன்று, முதல் வாரத்திலேயே போய்விடுகின்றன.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலிலே, செயிண்ட் கில்டா என்றொரு தீவு. அந்தத் தீவிலே 19-ஆம் நூற்றாண்டிலே பிறந்த குழந்தைகளிலே பெரும்பகுதி ஒரு வாரத்திலே தாடை இறுகி, உடல் விறைத்து மடிந்தன. ‘எட்டு நாள் நோய்’ என்று பெயரிட்டார்கள்! “ஆண்டவன் சித்தம்” என்று அடங்கிப்போனார்கள். ஆண்டவன் சித்தமல்ல, அறுத்த தொப்புள்கொடி வழியே புகுந்த நச்சுக்கிருமியின் வேலை. இரணசன்னி! ஃபிடஸ் என்ற பாதிரியார், ஆண்டவனிடம் முறையிட்டதோடு நின்றுவிடாமல், கிளாஸ்கோவுக்குச் சென்று கிருமி நீக்கும் முறையைக் கற்றுவந்தார். கொடியைத் தூய்மையாக அறுக்கச் செய்தார். நூற்றாண்டு முடியுமுன் எட்டு நாள் நோய் தீவை விட்டே ஓடிற்று. ஆண்டவன் சித்தம் அவ்வளவு விரைவிலே மாறிற்றோ!

நம் நாட்டிலே என்ன செய்தோம்? அரிவாளாலே அறுத்தோம், துருப்பிடித்த கத்தியாலே அறுத்தோம், சாணியும் சாம்பலும் வைத்துக் கட்டினோம். குழந்தை விறைத்தால், “புள் தோஷம்” என்றோம், “செவ்வாப்பு” என்றோம், சூடு போட்டோம். பச்சை உடம்பிலே பழுக்கக் காய்ச்சிய கம்பி! கருவுற்ற தாய்க்குத் தடுப்பூசி வந்தது, தூய பிளேடு வந்தது, மருத்துவமனைப் பேறு வந்தது. 2015-லே இந்தியா தாய்-சேய் இரணசன்னியை ஒழித்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. எந்தப் பரிகாரமும் செய்யாத வேலை!

இராஜபாளையத்துக்குப் பக்கத்திலே சத்திரப்பட்டி இருக்கிறது. அங்கே தறிகள் நெய்வது பட்டல்ல, பகட்டுச் சேலையல்ல. காயம் கட்டும் துணி. அந்த ஊர் நெசவாளியின் கைபட்ட பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்குப் போகின்றன. எங்கோ ஒரு நகரத்திலே ஒரு தாயின் குருதியைத் துடைக்கும் தூய துணி, இங்கே நம் தறியிலே நெய்தது! அந்தத் துணி பிறக்கும் மண்ணிலே, ஒரு தாய் கந்தல் சேலைமேல் கிடந்து பெறவேண்டுமென்று உபதேசம் செய்தால் நாம் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதா?

நாம் நேரிலே கண்டதொன்றையும் சொல்ல விரும்புகிறோம். இராஜபாளையத்தை ஒட்டிய சிற்றூர். கணவன் நூற்பாலைத் தொழிலாளி. மனைவிக்கு இரண்டாம் பேறு. ஒரு வெள்ளிக்கிழமைக் காலை வலி கண்டது. மருத்துவமனை பத்து நிமிடப் பயணம். வீட்டிலே மூத்தவர் ஒருவர் சுவரிலே மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். “பத்தரை ஆகிவிட்டது, பன்னிரண்டு வரையிலே இராகுகாலம். கழியட்டும், போகலாம்” என்றார். இராகு கேட்டானோ இல்லையோ, குழந்தை கேட்கவில்லை. பதினொன்றே காலுக்கு, வீட்டு நடையிலேயே பிறந்துவிட்டது. இராகுகாலத்திலேதான்!

பக்கத்து வீட்டு மதினி புது பிளேடாலே கொடி அறுத்தார். தாய் தப்பினாள். “சுகப்பேறு ஆகிவிட்டதே, இனி மருத்துவமனை எதற்கு?” என்று இருந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் குழந்தையின் முகம் மஞ்சளித்தது. “பச்சைப் பிள்ளை மஞ்சள் பூசினாப்பிலே எம்புட்டு அழகாயிருக்கு பாரு!” என்றார் அம்மாச்சி. அன்று மாலை குழந்தை பால் குடிக்க மறுத்தது. அழவும் இல்லை, உறங்கிக்கொண்டே இருந்தது. “நல்ல பிள்ளை, படுத்தவே இல்லை” என்று பாராட்டும் நடந்தது. நல்ல வேளையாக, செய்தி அறிந்து சுகாதாரச் செவிலியர் வந்தார்.

“அம்மாச்சி, பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டாங்க” என்றார். நெற்றியிலே கட்டை விரலாலே மெல்ல அழுத்தி எடுத்தார், மஞ்சள். மார்பிலே அழுத்தினார், மஞ்சள். உள்ளங்காலிலே அழுத்தினார், அங்கும் மஞ்சள்! செவிலியர் முகம் மாறிற்று. “ஏம்மா, துணி எடுக்கக்கூட நிற்க வேண்டாம், பிள்ளையை நெஞ்சோடு அணைச்சுக்கோ, கிளம்பு” என்றார். அடுத்த அரை மணிக்குள் தாயும் சேயும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாதையிலே ஊர்தியில் இருந்தார்கள். மறுநாள் நாம் பார்க்கச் சென்றபோது, கண்ணைக் கட்டிக்கொண்டு, நீல விளக்கின் கீழே, அந்தச் சின்னஞ்சிறு உடல் கைகால் உதைத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாளிலே அழுதது, பாலுக்கு அழுதது! அந்த அழுகையைவிட இனிய இசையை நாம் எந்த அரங்கிலும் கேட்டதில்லை.

அந்த நீல விளக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்திலே எசெக்ஸ் மாவட்டத்து ராக்ஃபோர்டு மருத்துவமனை. 1956-ஐ ஒட்டிய ஆண்டு. ஜீன் வார்டு என்றொரு தலைமைச் செவிலியர். குழந்தைகளை வெயிலிலே தள்ளுவண்டியில் வைத்து உலவ விடுவது அவர் வழக்கம். ஒருநாள் ஒரு மஞ்சள் குழந்தையைக் காட்டி, துணி மூடிய இடம் மஞ்சளாகவும் வெயில்பட்ட இடம் வெளுத்தும் இருப்பதை மருத்துவர்களுக்கு எடுத்துச் சொன்னார். சன்னலோர வெயிலிலே இருந்துவிட்ட குருதிக் குப்பியொன்றிலும் மஞ்சள் நிறமி குறைந்திருக்கக் கண்டார்கள். ஆராய்ந்தார்கள். 1958-லே கிரெமரும் அவர் தோழர்களும் உலகுக்கு அறிவித்தார்கள்: ஒளியாலே மஞ்சள் நோய் தணியும்! ஒரு செவிலியின் கூர்த்த பார்வை உலகத்துக் குழந்தைகளுக்கு விளக்கேற்றியது.

“அப்படியானால் வெயிலிலே காட்டினால் போதுமே!” என்பார் உண்டு. போதாது. பிறந்த குழந்தைகளிலே பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு முதல் வாரத்திலே மஞ்சள் தட்டும். பெரும்பாலும் தானே மறையும். குருதியின் சிவப்பணுக்கள் சிதைவதாலே உண்டாகும் நிறமியை, பிஞ்சு ஈரலாலே உடனே வெளியேற்ற முடிவதில்லை; அதுதான் காரணம். ஆனால் சில குழந்தைகளுக்கு அந்த நிறமி எல்லை மீறும், மூளைக்குள் புகும், செவி போகும், கை கால் முடங்கும், உயிரே போகும். எது மறையும் மஞ்சள், எது மாய்க்கும் மஞ்சள்? பாட்டியின் கண் சொல்லாது. காணொலியின் வாய் சொல்லாது. ஒரு துளிக் குருதியின் சோதனை சொல்லும். முற்றத்து வெயிலோ பிள்ளையைச் சுடும், அல்லது குளிரவைக்கும். மருத்துவமனை விளக்கு அளந்து தரும் ஒளி.

இவ்வளவு சொன்னோம். மருத்துவமனைமேல் குறையே இல்லையென்று கூறினோமா? இல்லை! குறையையும் கூறுவதுதான் முறை.

வலியிலே துடிக்கும் பெண்ணைப் பார்த்து, “அப்போது இனித்ததா, இப்போது கத்துகிறாயே” என்று ஏசும் நாக்குகள் இன்னும் இருக்கின்றன. பிள்ளையைத் தூக்கிக் காட்ட ஒரு தொகை, ஆண் பிள்ளையானால் கூடுதல் தொகை என்று நீளும் கைகள் இன்னும் இருக்கின்றன. ஒரு கட்டிலிலே இருவர் கிடந்த கூடங்களையும், கதவு வாசலிலேயே நிறுத்தப்பட்ட தாயின் தாயையும் நாம் கண்டிருக்கிறோம். அந்தப் பெண் இரண்டாம் பேற்றின்போது, “ஐயோ, அங்கேயா?” என்று நடுங்கினால் குற்றம் யாருடையது? அவள் மூடநம்பிக்கையினுடையதா? இல்லை, அவளை மனுஷியாக நடத்தாத மமதையினுடையது!

கத்திக் கணக்கும் இருக்கிறது. அதே 2019-21 ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பேறுகளிலே நூற்றுக்கு 44.9 வயிற்றைக் கீறி நடந்தவை. தனியார் மருத்துவமனைகளிலே 63.8, அரசு மருத்துவமனைகளிலே 36. நூற்றுக்கு 10 முதல் 15-க்கு மேல் போக நியாயமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1985-லேயே சொல்லியிருந்தது. தேவைப்படும்போது கத்தி தெய்வத்தினும் பெரிது, ஐயமில்லை. ஆனால் மூன்றிலே இரண்டு தாய்மார்க்குக் கத்தி தேவைப்படுகிறது என்றால், தேவை யாருக்கு? தாய்க்கா, கல்லாப்பெட்டிக்கா? ‘இயற்கை’ வணிகர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது யாரென்று தேடவேண்டாம். இந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் போதும்.

வியன்னா நகரின் கதை நமக்கு நல்ல பாடம். 1840-களிலே அங்கே பெரிய மருத்துவமனையின் மகப்பேற்றுக் கூடம் ஒன்றிலே, நூறு தாய்மாருக்குப் பத்துப் பேர் காய்ச்சலிலே மடிந்தார்கள். தாய்மார் அந்தக் கூடத்துக்குப் போக அஞ்சித் தெருவிலே பெற்றார்கள். பிணம் அறுத்த கையோடு வந்து தாய்மாரைத் தொட்ட மருத்துவர்களே காரணமென்று 1847-லே செம்மல்வைஸ் கண்டார். குளோரின் நீரிலே கை கழுவ வைத்தார். பத்து ஒன்றாகக் குறைந்தது! அவர் கூடத்தை இழுத்துப் பூட்டச் சொல்லவில்லை. கையைக் கழுவச் சொன்னார். நாமும் அதையே சொல்கிறோம். மருத்துவமனையை மூடாதீர்கள், அதன் கறையைக் கழுவுங்கள்!

“ஹாலந்திலே வீட்டிலே பெறுகிறார்களே, இங்கிலாந்திலே பெறுகிறார்களே” என்றொரு வாதம். பெறுகிறார்கள், எப்படி? ஆண்டுக்கணக்கிலே படித்துப் பட்டம் பெற்ற பேற்றுச் செவிலியர் பக்கத்திலே இருக்க, ஆபத்தில்லாதவர் என்று ஆய்ந்து பிரித்த பின்னர், அழைத்த மாத்திரத்திலே ஊர்தி வர! அங்கேயும்கூட, இங்கிலாந்திலே 2011-லே வெளியான ஆய்வு என்ன சொன்னது? தலைச்சன் பேற்றை வீட்டிலே வைத்துக்கொள்ளத் திட்டமிட்ட பெண்களிலே நூற்றுக்கு 45 பேரை மருத்துவமனைக்கு மாற்ற நேர்ந்தது. அவர்கள் குழந்தைகளுக்குத் தீங்கும் கூடுதலாக இருந்தது. அங்கே வீட்டுக்கு மருத்துவத்தையே கொண்டுவருகிறார்கள். இங்கே வீட்டிலிருந்து மருத்துவத்தை விரட்டுகிறார்கள். இரண்டும் ஒன்றாகுமா?

இன்னொரு வகையினரும் உண்டு. அவர்கள்மேல் நமக்குக் கோபமில்லை. அவர்களுக்காகவே கோபம் வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் செண்பகத்தோப்புப் பக்கத்திலும், இராஜபாளையம் அய்யனார் கோயில் மலையடியிலும் பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்கள் மருத்துவமனையை வெறுத்து வீட்டிலே பெற்றவர்கள் அல்லர். மருத்துவமனை எட்டாததாலே குடிசையிலே பெற்றவர்கள். காட்டைக் காக்கப் புலிகள் காப்பகம் 2021-லே வந்தது, மகிழ்ச்சி. அந்தக் காட்டு மக்களின் கருவுற்ற பெண்ணைக் காக்கப் பாதையும் ஊர்தியும் தவறாமல் வரவேண்டும் என்கிறோம். நகரத்திலே கைக்கெட்டியதை உதறுகிறார்கள். மலையடியிலே கைக்கெட்டாமல் தவிக்கிறார்கள். என்னே முரண்!

மராட்டியத்துக் கட்சிரோலியிலே அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர் செய்ததை ஆட்சியாளர்கள் நினைவிலே கொள்ளட்டும். 39 கிராமங்களிலே கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி தந்து, வீடு வீடாகச் சென்று பச்சிளங்குழந்தையைப் பார்க்க வைத்தார்கள். மூன்றாம் ஆண்டிலே பச்சிளஞ்சாவு நூற்றுக்கு 62 குறைந்ததென்று 1999-லே உலகம் அறிந்தது. பேறு மருத்துவமனையிலே; பின்தொடரும் பார்வை வீட்டிலே. இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஓசை!

2018-20 கணக்கிலே, இலட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தமிழகத்திலே 54 தாய்மார் மாண்டனர். இந்தியாவிலே 97, நாம் மேல்தான். ஆனால் பக்கத்துக் கேரளத்திலே 19! 97-ஐப் பார்த்து மார்தட்டுவதா, 19-ஐப் பார்த்து உழைப்பதா? உழைப்பதே அழகு.

தாய்மாரே, தோழர்களே! வீட்டிலே பச்சிளங்குழந்தை இருக்குமானால், இவற்றைச் சுவரிலே எழுதி வையுங்கள். பால் குடிக்க மறுத்தால், நிமிடத்துக்கு அறுபதும் அதற்கு மேலும் மூச்சு வாங்கினால், மார்பு உள்வாங்கினால், உடல் கொதித்தால், அல்லது சில்லிட்டால், வலிப்புக் கண்டால், தூண்டினாலன்றி அசையாவிட்டால், முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தால், என்றைக்காயினும் உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளித்தால், கொப்பூழைச் சுற்றிச் சிவந்தால், சீழ் வந்தால், நாள் பார்க்காதீர்கள், நட்சத்திரம் பார்க்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். சேனை வைக்காதீர்கள், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள், அதுவே முதல் மருந்து. ஊர்தி வரும் வரையிலே பிள்ளையைத் தாயின் மார்போடு மார்பாக அணைத்து வையுங்கள். அந்தச் சூடே காப்பு. எதிர்பாராமல் வீட்டிலே பிறந்துவிட்டதா? தப்பில்லை, யாரும் ஏசவேண்டாம். அன்றைக்கே தாயையும் சேயையும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். காசநோய்க்கும் இளம்பிள்ளை வாதத்துக்கும் ஈரல் அழற்சிக்கும் முதல் தடுப்பு மருந்துகளும், குருதிக் கசிவைத் தடுக்கும் வைட்டமின் கே ஊசியும் அங்கே காத்திருக்கின்றன.

ஆளவந்தோர்க்கும் அதிகாரிகளுக்கும் ஒன்று சொல்கிறோம். பேற்றுக் கூடத்திலே தாயோடு அவள் தாயோ, அத்தையோ, ஒரு துணை இருக்கட்டும். ஏசும் நாக்குக்குத் தண்டனையும், நீளும் கைக்கு விலங்கும் வரட்டும். ஒவ்வொரு தனியார் மருத்துவமனையும் நூற்றுக்கு எத்தனை பேருக்குக் கத்தி வைத்தது என்பதை வாசற்பலகையிலே எழுதட்டும். பேற்றுச் செவிலியர் எண்ணிக்கை பெருகட்டும். அன்பு கிடைக்கும் இடத்தை விட்டு யாரும் ஓடமாட்டார்கள். வீட்டை மருத்துவமனை ஆக்கப் பார்க்கிறார்கள் அவர்கள். மருத்துவமனையை வீடாக்குங்கள் நீங்கள்! அவர்கள் கடை தானே காலியாகும்.

1898-லே இராஜபாளையத்து அன்னைக்கு ஊர்தி இல்லை, ஊசி இல்லை, நீல விளக்கு இல்லை. அவர் மாண்டது அந்தக் காலத்தின் வறுமை. இன்று எல்லாம் இருந்தும் ஒரு தாய் மாண்டால், அது நம் காலத்தின் குற்றம். எட்டாம் நாள் வரட்டும். ஒன்பதாம் நாளும் வரட்டும். பதினாறாம் நாள் தொட்டில் கட்டட்டும்! அந்தத் தொட்டிலை ஆட்ட, பெற்றவளின் கையே இருக்கட்டும்.